நாலடி பத்து அங்குலம்

குவாரி பே, ஹாங்காங்
6 மார்ச் 1994, ஞாயிறு

அன்புள்ள என் அக்கா, மனாங் ரெமி,

ஆண்டவர் கிருபையில் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் அத்தான் மனோங் பெர்தோவும் பிள்ளைகளும் சுகம்தானா? என் ஜெனலின் அழுகிறாளா? எட்டு வயதுப் பிள்ளை, முதல் வாரம் அழத்தான் செய்வாள். உன்னிடம் விட்டு வந்திருக்கிறேன் என்பதால் எனக்குப் பயமில்லை.

இன்று என் முதல் ஞாயிற்றுக்கிழமை லீவு. நகரத்தின் நடுவே, சென்ட்ரல் என்ற இடத்தில், ஒரு பெரிய வங்கிக் கட்டடத்தின் கீழே அட்டையை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றிலும் நம் நாட்டுப் பெண்கள்தான். நம் ஊர் இலோய்லோக்காரிகள் எல்லாம் ஒரு தூணைச் சுற்றி இருக்கிறோம். எஸ்தான்சியா மீன்பிடித் துறைமுகத்தில் எனக்குப் பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாளே நெனிட்டா, அவளும் இங்கேதான் இருக்கிறாள். பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இன்னும் வளர்ந்துட்டியாடி?" என்றாள்.

முதலாளியம்மா மிசிஸ் குவோக், பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். விமான நிலையத்தில் என் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முன்னால் போய் நின்றதும் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "டீலியா மக்பனுவா நீதானா?" என்றார். "ஆமா மேடம்" என்றேன். "இதுல பெட்டீட், சின்ன உருவம்னு போட்டிருக்கே?" என்றார். "விமானத்துல நல்லா சாப்பாடு போட்டாங்க மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மனாங், உனக்கே இது அடுக்குமா? ஐந்தடி ஆறு அங்குலம், அறுபத்து நாலு கிலோ. பள்ளிக்கூடத்தில் என்னை மரத்துப் பூதம் என்று கூப்பிட்டார்கள். வெளிநாட்டு வீடுகளுக்கு வேலையாள் அனுப்பும் உங்கள் ஏஜென்சியில் எல்லாருக்கும் அந்தச் சொல்லைத்தான் போடுவீர்கள் என்று தெரியும். எனக்குமா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மூன்று பேர். ஐயா, அம்மா, ஐயாவின் அப்பா. பெரியவருக்கு இடுப்புக்குக் கீழே சுவாதீனம் இல்லை. அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவதுதான் என் முக்கிய வேலை. ஐம்பது கிலோகூட இருக்க மாட்டார், ஐஸ் நிரப்பிய மீன் பெட்டியைவிடக் கனம் குறைவு. என் படுக்கை உயரத்தில் இருக்கிறது, ஏணி வைத்து ஏற வேண்டும். சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதில் கடல் கொஞ்சம் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜெனலினுக்கு முத்தம்.

உன் தங்கை,
டீலியா

மோலோ, இலோய்லோ
22 மார்ச் 1994

என் அன்புத் தங்கை, இந்தாய்,

உன் கடிதம் கிடைத்தது. கன்னி மாதா உன்னைக் காக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம். ஜெனலின் நாலு நாள் அழுதாள், ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டாள். அதனால் தேறிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

நீ கேட்ட சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். ஆபீசில் செரி என்று புதிதாக ஒரு டைப்பிஸ்ட் சேர்ந்திருக்கிறாள், கல்லூரியில் படித்தவள். நேற்று ஒரு பெண்ணின் விவரத்தாளில் "ஒல்லி" என்று அடித்துவிட்டாள். முதலாளி மிசிஸ் வில்யாருஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒல்லின்னா சீக்குக்காரின்னு நெனப்பான். குள்ளம்னா எட்டாதுன்னு நெனப்பான். பெட்டீட்னு போடு. பெட்டீட்டுக்குத்தான் வீட்டுல எடம் கெடைக்கும்" என்றார். செரி விடவில்லை. "அந்தப் பொண்ணுக்கு எலும்பே பெருசு மேடம், பட்டினியில இளைச்சிருக்கா. அதுக்குப் பெட்டீட்னு சொல்லக் கூடாது" என்றாள். "சம்பளம் கொடுக்கறது நானா, அகராதியா?" என்றார் முதலாளி. அவ்வளவுதான் இந்தாய். நாள் முழுக்க அடிக்கிறேன். முப்பது தாள், நாற்பது தாள். கடைசியில் கை தானாக அடிக்கிறது, மூளை வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மூன்று பேர் ஒப்பந்தம் முடியுமுன்னே திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றும் நான் எழுதிய தாள்கள். இன்னொருத்தி வந்தால் என் நாற்காலி என்னுடையதாக இருக்காது. நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். சின்னச் சின்னக் குறைகள் எல்லா வீட்டிலும் இருக்கும். அனுசரித்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மழை வந்தால் தலையை நனையவிடாதே.

உன் மனாங்,
ரெமி

குவாரி பே
1 மே 1994, ஞாயிறு

அன்புள்ள மனாங்,

நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஏணி ஏறி இறங்குவதால் இருக்கலாம். நம் ஊர்த் தைலம், பச்சைப் புட்டியில் வருமே, யாராவது வந்தால் இரண்டு கொடுத்தனுப்பு. இங்கே விற்கிறதில் வாசனைதான் இருக்கிறது, சூடு இல்லை.

பெரியவருக்கு என்னைப் பிடித்துப் போய்விட்டது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும் சின்ன உருவமாம். ஒருத்தி அவரைக் குளியலறையில் நழுவ விட்டுவிட்டாள். நான் அக்குளில் கை கொடுத்து ஒரே மூச்சில் தூக்கிவிடுவேன். அவர் சீன மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். என்ன சொல்கிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். "கப்பல்துறையில கூட வேலை செஞ்சவங்களை ஞாபகப்படுத்துறியாம்" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா கெட்டவர் இல்லை. களைத்தவர். பள்ளியில் நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்திவிட்டு வீட்டுக்கு வந்தும் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்க மாட்டார். என் மளிகைச் சீட்டையும் திருத்துகிறார். அந்தப் பெட்டீட் விஷயத்தை அவரால் மறக்கவே முடியவில்லை. போன வாரம் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடமே எடுத்தார். "ஒல்லின்னு அர்த்தம் இல்ல டீலியா. இளைச்சவளுக்கும் சொல்லக் கூடாது. தலையிலேருந்து கால் வரைக்கும் எல்லாமே சின்னதா, ஒண்ணுக்கொண்ணு அளவா இருக்கணும். எலும்பே சின்னதா இருக்கணும். பொம்பளைக்கு மட்டும்தான் சொல்லணும்." "நான் என்ன மேடம் அப்போ?" என்று கேட்டேன். என் தோளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். "நீ வேற ஒரு சொல்" என்றார்.

ஜெனலின் படிக்கிறாளா? என் படத்தைக் காட்டு. மறந்துவிடப் போகிறாள்.

உன் டீலியா

மோலோ
10 ஜூலை 1994

அன்பு இந்தாய்,

பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது, வாசல்வரை தண்ணீர். ஆபீசில் ஆள் மாற்றி ஆள் லீவு போட, என் தலையில்தான் எல்லாத் தாளும் விழுகிறது.

தைலம் இரண்டு புட்டி, குவாரி பேக்குப் பக்கத்தில் வேலைக்கு வரும் லூர்திடம் கொடுத்திருக்கிறேன். கூடவே கருவாடு. உன் முதலாளியம்மாவுக்கு வாசனை பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வெளியே வைத்துச் சாப்பிடு.

ஜெனலின் வகுப்பில் மூன்றாவது. இப்போது உள்ளறையில் என் பெண்களோடு படுக்கிறாள். முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. உன் மனோங் பெர்தோ அங்கே விசிறியைப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி படுக்கிறார்.

நீ படுக்கும் இடத்தைப் பற்றி அப்புறம் ஒன்றும் எழுதவில்லையே. எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. காற்று வருகிறதென்றால் சரி.

முழங்காலுக்குத் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்.

உன் மனாங் ரெமி

குவாரி பே
7 ஆகஸ்ட் 1994, ஞாயிறு

அன்புள்ள மனாங்,

சுகம்தானே? நானும் சுகம். தைலம் வந்தது, நன்றி. கருவாட்டைத் தூணடியில் பதினோரு பேர் பங்கு போட்டோம், போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

இடம் நன்றாகத்தான் இருக்கிறது. காற்று வருகிறது. நீ கவலைப்படாதே.

இன்று நீளமாக எழுத முடியவில்லை. தூக்கம் வருகிறது. ஜெனலினுக்கு என் முத்தங்கள்.

டீலியா

மோலோ
2 அக்டோபர் 1994

அன்பு இந்தாய்,

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தைத் தர வேண்டும் என்று இன்று பூசையில் தனியாக வேண்டிக்கொண்டேன்.

நெனிட்டா லீவில் வந்திருக்கிறாள். நீ கொடுத்தனுப்பிய சாக்லேட், ஜெனலினுக்குச் சப்பாத்து எல்லாம் வந்தன. சப்பாத்து ஒரு விரல் பெரிது. வளரும் பிள்ளை, இருக்கட்டும்.

நெனிட்டாவிடம் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "அவ ஞாயித்துக்கிழமை யாரோடயும் பேசறதில்ல மனாங். அட்டையை விரிச்சு நீட்டிப் படுத்தா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாங்க எழுப்பினாத்தான் உண்டு. நடைபாதையில ஒரு ஆள் நீளத்துக்குக் கெடக்கா. சனங்க தாண்டிப் போறாங்க" என்றாள். ஏன் அப்படி என்று கேட்டேன். "அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஜெனலினோடு விளையாடப் போய்விட்டாள்.

வேலை அதிகமா? பெரியவரைத் தூக்குவது இடுப்பைப் பிடிக்கிறதா? என்னவென்று கேட்க எனக்குத் தெரியவில்லை, இந்தாய். இரண்டு வருஷத்தில் ஏழு மாதம் போய்விட்டது. மீதியும் போய்விடும்.

உன் மனாங் ரெமி

குவாரி பே
20 நவம்பர் 1994, ஞாயிறு

மனாங்,

நீ கேட்க வேண்டியதில்லை. நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உனக்கு ஏற்கெனவே தெரியும்.

சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. அதன் மேலே சுவரில் பலகை அடித்து ஒரு பரண். நான் படுப்பது அதில். நீளம் நாலடி பத்து அங்குலம். நான் எட்டு அங்குலம் மிச்சம். ஒன்பது மாதமாக முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்கிறேன். தூக்கத்தில் கால் தானாக நீளும், சுவரில் இடிக்கும், விழித்துக்கொள்வேன். காலையில் ஏணியில் இறங்கியதும் முழங்கால் நிமிர்வதற்குக் கால் மணி நேரம் ஆகிறது. உனக்கு இதை எழுதாமலே இருந்தேன். நீ வேதனைப்படுவாய் என்று நினைத்தேன். உன் ஆபீஸ் சொல் ஒன்று, வழக்கம்போல எனக்கும் போட்டுவிட்டாய், தெரியாமல் நடந்தது என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பெரியவரைத் தூக்கும்போது முழங்கால் விட்டுப்போனது. அவரைக் கீழே போடவில்லை, நான்தான் மண்டியிட்டு விழுந்தேன். அம்மா ஓடி வந்தார். பரணைப் பற்றி முதல் தடவையாக வாய் திறந்து சொன்னேன். "படுக்கை பத்தலை மேடம்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். "உங்க ஏஜென்சிக்கு நான் ரெண்டு தடவை எழுதினேன் டீலியா. படம் வரைஞ்சு, அளவு போட்டு அனுப்பினேன். வீடு சின்னது, இந்தப் பரண்ல படுக்கிற மாதிரி ஆள் வேணும்னு. அவங்க என்ன எழுதினாங்கன்னு நீயே பாரு" என்றார்.

பார்த்தேன். "விண்ணப்பதாரர் பெட்டீட் உடல்வாகு கொண்டவர். தாங்கள் குறிப்பிட்ட இடம் அவருக்கு வசதியாக இருக்கும்." கீழே ஆர். பானெஸ் என்று உன் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில்தான் ஜெனலினின் பள்ளிக்கூட அட்டை மாதா மாதம் வருகிறது.

நீ அளவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாய்.

டீலியா

மோலோ
18 டிசம்பர் 1994

என் இந்தாய்,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

ஆமாம், பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நீலப் பேனாவில் வரைந்திருந்தார்கள். துவைக்கும் இயந்திரத்தைக்கூட வட்டக் கண்ணாடியோடு அழகாக வரைந்திருந்தார்கள். அந்தத் தாளை மூன்று நாள் இழுப்பறையில் வைத்திருந்தேன்.

உன் படம் எங்கள் ஆல்பத்தில் பதினான்கு மாதம் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் உன் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனார்கள். "பெரிய உருவம், நெறைய சாப்பிடுவா." "இவ எதிர்த்துப் பேசினா யாரு கேக்கறது?" உனக்கு அதையெல்லாம் நான் சொன்னதில்லை. நீ ஒவ்வொரு சாயங்காலமும் "இன்னைக்கு யாராவது கேட்டாங்களா மனாங்?" என்பாய். அதற்காகத்தான் எழுதினேன் என்று முதலில் இந்தக் கடிதத்தை முடித்துவிட்டேன். முடித்து, ஒட்டி, ஒரு வாரம் பையில் வைத்திருந்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். அது பாதிதான்.

மீதி இதுதான். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். நீயும் ஜெனலினும் முன்னறையில். நீ கால் நீட்டினால் கதவு திறக்காது. விடிகாலையில் உன் மனோங் எழுந்து உன் காலைத் தாண்டிப் போவார். திரும்பி வந்து என்னிடம் சொல்வார், "உன் தங்கச்சியைக் காலை மடக்கிப் படுக்கச் சொல்லு." தினமும் சொல்வார். நான் உன்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன், அப்பா போன பிறகு உன்னை வளர்த்தவள் நான். ஆனால் எனக்கும் களைத்துப் போயிற்று, டீலியா. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் வீட்டில் எனக்கே ஒரு மூலை இல்லாமல் இருந்தது. அவர்கள் வரைந்த அந்தப் பரணைப் பார்த்தபோது முதல் நாள் பாவம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், உன் காலை வேறு யாராவது மடக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு மெஷினில் தாளைச் செருகினேன்.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. உன் மகளுக்கு மட்டும் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கர்த்தர் பிறந்த நாளில் உனக்கு நிம்மதி கிடைக்கட்டும்.

ரெமி

மோலோ
29 ஜனவரி 1995

இந்தாய்,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரரைக் கேட்டேன், ஹாங்காங் தபால் ஒழுங்காகத்தான் வருகிறது என்கிறார்.

ஜெனலினுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாளில் இறங்கிவிட்டது. இப்போது சோறு கேட்டுச் சாப்பிடுகிறாள். உனக்கு அவள் எழுதிய தாளை இதில் வைத்திருக்கிறேன். நான் திருத்தவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஜெனலினுக்காவது எழுது.

ரெமி

குவாரி பே
26 பிப்ரவரி 1995, ஞாயிறு

மனாங்,

ஜெனலினின் தாள் கிடைத்தது. அவளுக்குத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீ படிக்க வேண்டாம்.

டாக்டரிடம் போனேன். முழங்காலில் நீர் கோத்திருக்கிறது. "நீ எப்படிம்மா படுக்கறே?" என்று கேட்டார். தரையில் உட்கார்ந்து காட்டினேன். "இன்னும் ஆறு மாசம் இப்படிப் படுத்தா அப்புறம் எவரையும் தூக்க மாட்டே, உன்னைத்தான் தூக்கணும்" என்றார். தூக்க முடியாவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். முடமான காலோடு வந்து மறுபடி உன் முன்னறையில் படுக்க எனக்கு மனமில்லை. மீன்பிடித் துறைமுகத்திலும் நொண்டிக்கு வேலை கிடையாது.

அம்மாவிடம் பேசினேன். அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "கூடத்துல கட்டில் போட என் வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார். எல்லாம் எழுத்துல ஒத்துக்கிட்டு வந்தவதானேன்னு கேக்கறார். அவர் கையில அந்தத் தாள் இருக்கு." ஐயாவுக்குக் காகிதம்தான் கணக்கு. என் கால் அவர் கண்ணெதிரே நீண்டு கிடந்தாலும், காகிதத்தில் நான் நாலடி பத்து அங்குலத்துக்குள் அடங்குகிறவள்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். ஏஜென்சி தாளில், உன் கையெழுத்தோடு, எழுதியது பொய் என்று அவர்களுக்கு எழுது. செரியை எழுதச் சொல்லாதே. உன் முதலாளி பெயரில் எழுதாதே. உன் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை மாதம் யோசித்தேன், உன் வேலைக்காகத்தான் பேசாமல் இருந்தேன். இப்போது தெரிந்தே கேட்கிறேன்.

டீலியா

மோலோ, இலோய்லோ
13 மார்ச் 1995

திரு, திருமதி குவோக் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் தந்தையாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஆண்டு ஜனவரியில் டீலியா மக்பனுவா என்ற விண்ணப்பதாரரைப் பற்றித் தங்களுக்கு அனுப்பிய தாளில், அவர் பெட்டீட் உடல்வாகு கொண்டவர் என்றும், தாங்கள் வரைந்து அனுப்பிய இடம் அவருக்கு வசதியாக இருக்கும் என்றும் எழுதியவள் நான். இரண்டும் பொய். தங்கள் அளவை நான் கண்ணால் பார்த்தேன். அவருடைய அளவு எனக்கு அவர் பிறந்த நாளிலிருந்து தெரியும். அவர் என் தங்கை. அந்த அளவை அவருக்கு நான் காட்டவில்லை. அவர் எதையும் ஒத்துக்கொண்டு வரவில்லை.

தங்களுக்கு அனுப்பப் புதிதாக எடுத்த புகைப்படத்துக்காக அவரை நாற்காலிக்குப் பின்னால் முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னதும் நான்தான். எதற்கென்று கேட்டார். வெளிச்சத்துக்காக என்று சொன்னேன்.

சரியான விவரம் பின்வருமாறு. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். எடை புறப்பட்ட அன்று அறுபத்து நாலு கிலோ. அகன்ற தோள், பெரிய எலும்பு, நீண்ட கால்கள். பதினாறு வயதிலிருந்து மீன் பெட்டி சுமந்த உடம்பு. நன்றாகச் சாப்பிடுவார், சாப்பிட வேண்டும். வலித்தாலும் சொல்ல மாட்டார், ஆகையால் யாராவது கேட்க வேண்டும். நிமிர்ந்து நடப்பவர். படுக்க ஆறடி இடம் தேவை.

இந்த ஆபீஸில் வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. இந்தக் கடிதத்தின் நகலை என் முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஆர். பானெஸ்

குவாரி பே
2 ஏப்ரல் 1995, ஞாயிறு

மனாங் ரெமி,

நலமா? இப்படிக் கேட்டு எழுத இப்போதுதான் கை வந்தது, பார். பிள்ளைகள் நலமா?

உன்னை மறுநாளே அனுப்பிவிட்டார்கள் என்று செரி எழுதியிருந்தாள். பதினோரு வருஷம் இருந்த மேசையிலிருந்து ஒரு டம்ளரையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனாயாம். நீ வாசலைத் தாண்டியதும் "அந்தப் பெரிய பொம்பளை வேலைக்கு ஆகமாட்டான்னு நான் அப்பவே சொன்னேன்" என்று மிசிஸ் வில்யாருஸ் கத்தினாராம். கேட்டு எனக்குச் சந்தோஷமாக இல்லை. வருத்தமாகவும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். பிறகு சமையலறையில் தனியாக நின்றபோதுதான் அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை அம்மா சாப்பாட்டு மேசையில் வைத்து ஐயாவுக்குச் சத்தமாகப் படித்தார். கையில் சிவப்புப் பேனா இருந்தது. படித்து முடிக்கும்வரை அதன் மூடியைத் திறக்கவில்லை. ஐயா தாளை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார், பிறகு எழுந்துபோய்ப் பரணைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார். அளக்கும் நாடாவைக் கொண்டுவந்து என்னை நிற்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளேயிருந்து பெரியவர் என்னவோ சத்தம் போட்டார். அம்மா மொழிபெயர்த்தார், "அளக்கறதுக்கு என்னடா இருக்கு, கண்ணு தெரியலையான்னு கேக்கறார்."

அப்புறம் பாத்திரம் கழுவும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "ஏர்போர்ட்லயே தெரியும் டீலியா. எனக்கும் கண்ணு இருக்கு. தாள்ல எழுதியிருக்கு, நம்ம பொறுப்பு இல்லைன்னு சொல்லிக்கிட்டேன். உங்க அக்கா ஒரு தடவைதான் எழுதினாங்க. நான் தினமும் விளக்கை அணைச்சுட்டுப் போனேன்" என்றார். நான் தட்டைத் துடைத்து அடுக்கினேன்.

கூடத்தில் சோபாவை எடுத்துவிட்டு மடக்குக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆறடி இரண்டு அங்குலம். முதல் இரண்டு நாள் நீட்டிப் படுத்தும் கால் தானாக மடங்கிக்கொண்டது, கையால் பிடித்து நீட்டிவிட்டேன். இப்போது பழகிவிட்டது. டாக்டர் நீரை எடுத்துவிட்டார். ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன், வந்ததும் எனக்கும் ஜெனலினுக்கும் தனியாக ஒரு அறை பார்த்துக்கொள்வேன். மனோங் பெர்தோவிடம் சொல், அவர் இனி யார் காலையும் தாண்ட வேண்டாம்.

எப்போது மன்னிப்பாய் என்று நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது, எனக்கே தெரியாது. கோபம் இன்னும் இருக்கிறது, மனாங். ஆனால் இப்போது காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கோபப்பட முடிகிறது. தூக்கமும் வந்துவிடுகிறது.

உன் தங்கை,
டீலியா